பதினாறு போட்ட சத்தம்

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால் எனக்கும் சௌகரியம், கேட்கிற உங்களுக்கும் சௌகரியம். ஆனால் இது நேற்று முந்தாநாள் நடந்த மாதிரிதான். போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஸ்டோர் ஒன்றில் தரம் பிரிக்கிற அன்னக்கொடி என்ற பெண்ணின் உடம்புக்குள்ளே ஓர் ஊர் இருந்தது. கர்ப்பப்பையின் வாசலில் இருந்த ஊர். வைத்தியர்கள் அதைக் கர்ப்பப்பை வாய் என்பார்கள். பேருக்குத்தான் வாய். வலிக்குது என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியாது.

அந்த ஊரில் லட்சக்கணக்கான குட்டி வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கதவு உண்டு. அந்தக் கதவு திறந்தால் ஒரு வீடு இரண்டு வீடாகும். தேய்ந்து உதிர்கிற வீடுகளுக்குப் பதில் புது வீடு வேண்டுமே, அதனால் அடியில் இருக்கிற கீழ்த்தெருவில் மட்டும் கதவு அவ்வப்போது திறக்கத்தான் செய்யும். திறந்தது மூடாமல் கிடந்தால்தான் ஆபத்து.

வீடுகளில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் புரதங்கள். பேர் வைக்கும்போது வைத்தியர்களுக்கு என்ன அவசரமோ, ஆளுக்கொரு எண்ணைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். கதவுக் காவல்காரன் பேர் பதினாறு. வீட்டுப் பத்திரத்தில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்க்கிற மேற்பார்வைக்கார அக்கா பேர் ஐம்பத்துமூணு. திருத்த முடியாத பிழை என்றால் அவள் ஈவு இரக்கம் பார்க்காமல் வீட்டையே இடிக்கச் சொல்லிவிடுவாள். கதவில் கிடந்தவளை மட்டும் நான் தாழ்ப்பாள் என்றே சொல்லிக்கொள்கிறேன். உங்களுக்கும் குழப்பம் வேண்டாம்.

பதினாறுக்கு வேலை கொஞ்சம்தான். கதவு திறந்தது போதும் என்று தோன்றினால் "போதும்!" என்று ஒரு குரல் கொடுப்பான். தாழ்ப்பாள் படக்கென்று விழுவாள்.

"விழுந்துட்டேன்ப்பா. நீ வாயை மூடு" என்பாள்.

அவனும் மூடிக்கொள்வான். பதில் வந்தால் நிறுத்துவான், பதில் வராவிட்டால் நிறுத்த மாட்டான். அவன் சுபாவம் அது. ஆனால் பதில் வராத நாள் என்று ஒன்று அதுவரை வந்ததில்லை.

அப்புறம் விருந்தாளி வந்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. யார் வழியாக வந்தான் என்று தோண்டாதீர்கள், அந்தப் பேச்சால் இதுவரை எந்தப் பெண்ணுக்கும் நல்லது நடந்ததில்லை. கல்யாணமானவர்களில் பெரும்பாலானோருக்குள் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றிரண்டு வருஷத்தில் தானே கிளம்பிவிடுகிறவன்தான். இங்கே வந்தவன் கிளம்பவில்லை. மூலையில் படுத்துக் கிடந்தவன், பல வருஷம் கழித்து ஒரு வீட்டின் பத்திரத்துக்குள்ளேயே தன் பேரை எழுதிக்கொண்டான். அப்போதுதான் அவனுடைய கையாட்கள் இரண்டு பேர் வெளியே தலைகாட்டினார்கள். ஒருவன் பேர் ஆறு, இன்னொருவன் ஏழு.

ஏழு நேரே தாழ்ப்பாளிடம் போனான்.

"எத்தனை வருஷமா இப்படியே தொங்குறீங்க? கை கடுக்கல?"

"கடுத்தா என்ன பண்றது. நான் விட்டா கதவு திறந்துக்குமே."

"ஒரு நிமிஷம் என் தோள்ல கையப் போட்டு நில்லுங்க. திறந்தா நான் பாத்துக்கிறேன்."

தாழ்ப்பாள் கையைப் போட்டாள். ஏழு அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு விடவே இல்லை.

ஆறு அந்த நேரத்தில் ஐம்பத்துமூணு அக்காவின் பின்னால் போய் நின்றான். அவள் பத்திரத்தை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். "இது யாரு பேரு நடுவுல? இந்த வீட்டை இடிக்கணுமே" என்று அவள் நிமிர்வதற்குள், அவள் முதுகில் "குப்பை" என்று ஒரு சீட்டை ஒட்டிவிட்டான். ஊரில் ஒரு வழக்கம் உண்டு. முதுகில் அந்தச் சீட்டு இருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், நேரே அரைவைக் கூடத்துக்கு இழுத்துப் போய்விடுவார்கள். அவள் "ஏய், நான் மேற்பார்வைடா!" என்று சொல்லச் சொல்லவே இழுத்துப் போனார்கள். பாவம், பொடிப்பொடியாகப் போனாள். இப்படி ஒரு சாவு அவளுக்கு வந்திருக்க வேண்டாம்.

கதவு திறந்தது. ஒரு வீடு இரண்டானது. இரண்டு நாலானது.

"போதும்!" என்றான் பதினாறு.

பதில் இல்லை.

"ஏத்தா தாழ்ப்பாள், போதும்னு சொல்றேன்ல!"

ஏழின் பிடிக்குள்ளிருந்து அவள் குரல் கம்மிப்போய் வந்தது. "என்னால விழ முடியலப்பா. பிடிச்சிருக்கான்."

அது அவன் காதில் விழவில்லை. சரி, கேட்கவில்லை போல என்று நினைத்து இன்னும் சத்தமாகக் கத்தினான். அப்புறம் அதைவிடச் சத்தமாக. ஒரு வீடு இரண்டாகும்போது காவல்காரனும் இரண்டாவான் அல்லவா? நாலு பதினாறு, நாற்பது பதினாறு, நாலாயிரம் பதினாறு. எல்லாரும் சேர்ந்து தெருத்தெருவாக நின்று கத்தினார்கள். ஒரு கதவும் மூடவில்லை.

கொஞ்ச நாளில் மேல்தெருவில் மேளச் சத்தம் கேட்டது. அடித்துக்கொண்டு வந்தவன் அறுபத்தேழு. வீடு இரண்டாகிற விசேஷம் எங்கே நடந்தாலும் அங்கே வந்து மேளம் அடிக்கிறவன். கீழ்த்தெருவைத் தாண்டி அவனை யாரும் பார்த்ததே இல்லை.

"உனக்கு இங்க என்னடா வேலை? மேல்தெருவுல என்னைக்குப் பெருக்கம் நடந்திருக்கு?" என்று பதினாறு அவன் மேளத்தைப் பிடித்தான்.

"என்னை ஏண்ணே கோவிச்சுக்கிறீங்க? விசேஷம் நடக்குது, அடிக்கிறேன். விசேஷத்தை நிறுத்த வேண்டியது நீங்க."

"நானும் கத்திக்கிட்டுத்தான்டா இருக்கேன்!"

"தெரியுதுண்ணே. என் மேளத்தையே தாண்டிக் கேக்குது." அறுபத்தேழு கொஞ்சம் தயங்கினான். "இங்க உள்ள இருக்கிறவங்க யாரும் கேக்கப்போறதில்லண்ணே. வெளிய இருக்கிறவங்களுக்குக் கேக்கிற மாதிரி கத்துங்க."

வெளியே இருந்தவள் அன்னக்கொடி. அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. சல்லடையில் கொட்டிய ஏலக்காயில் வெடித்தது, வெளுத்தது, பூச்சி துளைத்தது எல்லாம் அவள் விரலுக்குத் தானாக அகப்படும். அவளுக்கு வெள்ளைப்படுதல் கொஞ்ச நாளாக அதிகமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து தரம் பிரிக்கிற முத்துப்பேச்சியிடம் சொன்னாள்.

"உடம்பு சூடுடி. ஏலக்காய்ச் சூட்டுல நாள் பூராம் உக்காந்திருந்தா வேற என்ன வரும்? வெந்தயத்தை மோர்ல ஊறப்போட்டுக் குடி" என்றாள் முத்துப்பேச்சி.

அன்னக்கொடி குடித்தாள். உள்ளே பதினாறு, "மோர் வேணாம் தாயி! ஆளு வேணும்!" என்று கத்தினான்.

அவன் கத்தியதற்குப் பலன் வந்த மாதிரிதான் இருந்தது. அந்த மார்கழியில் ஸ்டோருக்கே கேம்ப் வந்தது. கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை, காசு கிடையாது, வருகிறவர்களுக்கு டீயும் பன்னும் உண்டு. வாசலில் ஒரு சொட்டு மருந்தைத் தடவிப் பார்ப்பார்களாம். கெட்டுப்போன தெரு இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியுமாம். செய்தி உள்ளே வந்ததும் பதினாறுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரே ஒரு சொட்டு! மேல்தெரு மொத்தமும் வெள்ளையா எந்திரிச்சு நிக்கும். டேய் அறுபத்தேழு, நாம பொழச்சோம்!"

விருந்தாளி முதல்முறையாகப் பயந்தான். சுருண்டு படுத்துக்கொண்டான்.

கேம்புக்கு வந்திருந்த நர்ஸ் பேர் ஜெசிந்தா. பொறுமையான பெண். ஒவ்வொருவரிடமும் படிவத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டு, திரைக்குப் பின்னால் அனுப்பினாள். படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. கர்ப்பப்பையை எடுத்தாயிற்றா? எடுத்தவர்களுக்குப் பரிசோதனை வேண்டாம் என்பதால் அந்தக் கேள்வி. காலையிலிருந்து அதைத் தெளிவாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஸ்டோர் கணக்கர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து மேஜை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஃபேன் அங்கேதான் இருந்ததாம். ஆம்பளை காதுபட "கர்ப்பப்பை" என்று சொன்னதும் வரிசையில் நின்ற பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தார்கள். ஒருத்தி பதில் சொல்லாமலே போய்விட்டாள். ஜெசிந்தாவுக்கும் கூச்சமாகப் போயிற்று. அந்த மனுஷனை எழுந்து போகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கேள்வியைச் சுருக்கிக்கொண்டாள்.

அன்னக்கொடியின் முறை வந்தது.

"அக்கா, உங்களுக்கு ஆபரேஷன் ஆயிருச்சா?"

"ஆயிருச்சு சிஸ்டர்."

நம் ஊரில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணிடம் ஆபரேஷன் ஆயிருச்சா என்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளை போதும் என்று குழாயைக் கட்டிவிடுகிற குடும்பக் கட்டுப்பாடு. அதில் கர்ப்பப்பை இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். ஜெசிந்தா கேட்டது ஒன்று, அன்னக்கொடி சொன்னது இன்னொன்று. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

"எவ்வளவு வருஷமாச்சுக்கா?"

"அது ஆச்சு, பதிமூணு வருஷம்."

"அப்ப உங்களுக்கு இந்த டெஸ்ட் தேவையே இல்லக்கா. நீங்க போகலாம். டீ வாங்கிக்கங்க."

உள்ளே பதினாறு துடித்துப்போனான்.

"அது வேற ஆபரேஷன் சிஸ்டர்! எங்களை எடுக்கல! இங்கதான் இருக்கோம்! அடியே அன்னக்கொடி, நீயாவது ஏன்னு கேளுடி! தேவையில்லன்னா ஏன் தேவையில்லன்னு ஒரு வார்த்தை கேளேன்!"

அன்னக்கொடி கேட்கவில்லை. திரைக்குப் பின்னால் போய்ச் சேலையைத் தூக்க வேண்டுமே என்று காலையிலிருந்து அவளுக்கு ஒரே கவலை. அப்பாடா, தப்பிச்சேன் என்று பன்னை டீயில் நனைத்துச் சாப்பிட்டாள். அந்தப் பன்னை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

ஜெசிந்தா படிவத்தில் "கர்ப்பப்பை இல்லை" என்று எழுதிவிட்டு அடுத்து நின்ற முத்துப்பேச்சியைக் கூப்பிட்டாள். ஸ்டோர் கதவைச் சாத்தியபோது விருந்தாளி சோம்பல் முறித்து எழுந்தான்.

"இனிமே யாரும் வர மாட்டாங்கல்ல?" என்று கேட்டான்.

பதினாறு மறுபடியும் கத்த ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை நீட்ட எனக்கு விருப்பமில்லை. மேல்தெரு நிறைந்தது. ஊருக்கும் மற்ற உடம்புக்கும் நடுவில் தரைச்சுவர் ஒன்று இருந்தது. அது இருக்கிறவரைக்கும் எல்லாமே திருத்தக்கூடிய கோளாறுதான். ஒரு நாள் வீடுகள் அந்தச் சுவரில் சாய்ந்தன. சுவர் இடிந்தது. அறுபத்தேழு மேளத்தைக் கழற்றிக் கீழே வைக்கப் பார்த்தான், கை நிற்கவில்லை. "என்னை மன்னிச்சிருங்கண்ணே" என்று அழுதுகொண்டே அடித்தான். பதினாறு கத்திக்கொண்டே இருந்தான். வேறு என்ன செய்வான், அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அன்னக்கொடிக்கு ரத்தம் தாறுமாறாகப் பட ஆரம்பித்தது. "நிக்கிற வயசுடி, நிக்கும்போது இப்படித்தான் கொட்டித் தீக்கும்" என்று முத்துப்பேச்சி தேற்றினாள். கேம்பில் டெஸ்ட் தேவையில்லை என்று நர்ஸே சொல்லி அனுப்பிய தைரியம் வேறு. நாலு வருஷம் ஓடிப்போயிற்று. கடைசியில் ஒரு நாள் சல்லடை முன்னாலேயே மயங்கி விழுந்தாள். மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

அங்கே அவள் உடம்புக்குள் இருந்த அந்த ஊரிலிருந்து ஒரு சதைத் துணுக்கை எடுத்தார்கள். மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டினார்கள். அதில் ஒரு மருந்தை ஊற்றினார்கள். பதினாறு எங்கே நிற்கிறானோ அங்கே மட்டும் பழுப்பு நிறம் ஏறுகிற மருந்து. தகடு முழுக்கப் பழுப்பாகிப்போனது. பக்கத்துத் தகட்டில் அறுபத்தேழையும் அப்படியே அடையாளம் பிடித்தார்கள்.

மைக்ராஸ்கோப்பில் குனிந்த லேப் டாக்டர், "என்னங்க இது, பதினாறு மேலேயிருந்து கீழ வரைக்கும் ஒரு இடம் விடாம நிக்குது" என்றார்.

பதினாறுக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு மனுஷக் கண் அவனைப் பார்த்தது.

"கேட்டுருச்சுடா! நான் கத்தினது கேட்டுருச்சு! இனிமே வந்து கதவை மூடிருவாங்க."

அறுபத்தேழு பக்கத்துத் தகட்டிலிருந்து மேலே பார்த்தான். அவனுக்கு லேப் டாக்டரின் முகம் தெரிந்தது.

லேப் டாக்டர் ரிப்போர்ட்டில் நாலு வரி எழுதினார். பதினாறு அந்த நாலு வரிக்குள் ஏறி, அன்னக்கொடியின் கையோடு புற்றுநோய் டாக்டர் சபீனாவின் அறைக்குப் போனான். சபீனா ரிப்போர்ட்டைப் படித்தாள், ஸ்கேனைப் பார்த்தாள், மறுபடியும் ரிப்போர்ட்டைப் படித்தாள்.

"அம்மா, உள்ளதைச் சொல்லிர்றேன். கட்டி பக்கத்துச் சதைக்குள்ள இறங்கிருச்சு. ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிப்போச்சு. கரண்ட் வைக்கணும், அதாவது கதிர்வீச்சு. கூடவே மருந்தும் ஏத்தணும்."

அன்னக்கொடி குழம்பிப்போய்ப் பார்த்தாள். "ஆபரேஷன்தான் எனக்கு முன்னாடியே ஆயிருச்சே டாக்டர். கேம்ப்புல கூடச் சொன்னேனே. அதனாலதான் எனக்கு டெஸ்ட் வேணாம்னு அனுப்பிட்டாங்க."

சபீனாவின் பேனா நின்றது.

"என்ன ஆபரேஷன்மா?"

"குடும்பக் கட்டுப்பாடுதான். சின்னவ பொறந்தப்ப."

சபீனா ஸ்கேனை ஒதுக்கி வைத்தாள். அப்புறம் ஒரு தாளை எடுத்துக் கர்ப்பப்பையைப் படமாக வரைந்தாள். எதைக் கட்டினார்கள், எதை எடுத்திருந்தால் பரிசோதனை வேண்டாம், எது இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். அன்னக்கொடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அன்னைக்கே பாத்திருந்தா?"

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று சபீனா யோசித்தது முகத்தில் தெரிந்தது. "அன்னைக்கு அரை மணி நேர வேலைம்மா. சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பீங்க."

"இப்ப?"

"இப்பவும் போராடலாம். குணமானவங்க இருக்காங்க. ஆனா உறுதி சொல்ல முடியல."

அன்னக்கொடி அழுதாள். சத்தம் போட்டு அழத் தெரியாத பெண். தோள் மட்டும் குலுங்கியது. ரிப்போர்ட்டுக்குள்ளே பதினாறு வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். தான் கத்தியது போதவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான்.

"அந்த சிஸ்டர்கிட்ட சொல்லிராதீங்க டாக்டர்" என்றாள் அன்னக்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நல்ல பொண்ணு. அந்தக் கணக்கர் வந்து உக்காந்ததுல அதுக்கும் கூச்சம். எனக்கும் எப்படா விடுவாங்கன்னு இருந்துச்சு. தெரிஞ்சா அது மனசு ஒடிஞ்சிரும்."

"சொல்லாம எப்படிம்மா? இதே கேள்வியை அன்னைக்கு இன்னும் எத்தனை பேர்கிட்ட கேட்டாங்களோ. உங்களுக்குப் பின்னாடி வரிசைல யாராவது இருந்தாங்களா?"

அன்னக்கொடி விரலை மடக்க ஆரம்பித்தாள். முதல் விரலே முத்துப்பேச்சி. சட்டென்று எழுந்து ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வராந்தாவில் ஆணும் பெண்ணுமாக நாற்பது ஐம்பது பேர் டோக்கனோடு நின்றார்கள். அவள் போனை எடுத்து ஸ்டோருக்குப் போட்டாள். அந்தப் பக்கம் முத்துப்பேச்சி எடுத்தாள்.

"என்னடி, டாக்டரு என்ன சொன்னாக?"

"அதை விடு. அன்னைக்குக் கேம்ப்புல உன்னையும்தானே டெஸ்ட் வேணாம்னு அனுப்புனாக? உனக்குக் கர்ப்பப்பை இருக்குல்ல?"

"ஏய், என்னடி பேச்சு இது? கணக்கரு பக்கத்துல நிக்காரு, அப்புறம் பேசு."

வராந்தாவில் நின்ற ஆம்பளைகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்னக்கொடி குரலைத் தாழ்த்தவில்லை.

"அவரு கேட்டா கேட்டுட்டுப் போறாரு. உனக்குக் கர்ப்பப்பை இருக்கா, இல்லையா? சொல்லுடி!"